சாலம்மாளின் ஆணி

அத்தியாயம் 6

"ஆயிரம் அடி இறக்கியும் வெறும் புகைதானுங்க மேடம். பைப்பை உருவிக்கிட்டு அடுத்த ஊருக்குப் போயிரலாம்," என்றான் சென்றாயன்.

சென்றாயன் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவன். இப்போது சேலத்தில் சோபியா நடத்தும் துப்பறியும் நிலையத்தின் டிரைவர், உதவியாளர், வாய் எல்லாம் அவன்தான். சம்பளம் முதல் இரண்டுக்கு மட்டும்.

சோபியா அவனைக் கவனிக்கவில்லை. லாக்கப் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற சின்னுசாமியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னுசாமி புளியம்பாறை கோர்ட்டின் தபேதார். நீதிபதி வரும்போது முன்னால் நடந்து குரல் கொடுப்பவர். வழக்குக்காரர்களின் பெயரை வராந்தாவில் நின்று மும்முறை கூவுகிறவர். கூவிக் கூவியே தலை நரைத்துப்போனது. இந்த மாசக் கடைசியில் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பப்பட வேண்டிய மனிதர், இன்று காலை முதல் திருட்டுக் கேஸில் கம்பிக்குப் பின்னால் நிற்கிறார்.

திருட்டுப் போனது ஒரு படம். நீதியரசர் தோமினிக்கின் ஆளுயரப் படம்.

தோமினிக் இதே புளியம்பாறையில் முன்சீப்பாகத் தொடங்கியவர். பிறகு சப் ஜட்ஜ், மாவட்ட ஜட்ஜ், கடைசியில் ஹைகோர்ட். ஓய்வு பெற்றவருக்குத் தன் முதல் கோர்ட்டிலேயே படம் திறக்க வக்கீல் சங்கம் ஏற்பாடு செய்திருந்தது. நாளைக் காலை விழா. நேற்றே படத்தை வராந்தாவில் மாட்டி, மேலே பட்டுத்துணி போர்த்தி, காவலுக்குச் சின்னுசாமியை நிறுத்தியிருந்தார்கள். இன்று காலை கோர்ட் கூடிய கொஞ்ச நேரத்தில் பார்த்தால் படம் இல்லை. படம் இருந்த ஆணியில் ஒரு மஞ்சப்பை தொங்கிக்கொண்டிருந்தது.

வக்கீல்கள் கொதித்துப்போனார்கள். மஞ்சப்பை என்றால் கோர்ட்டுக்கு அலைகிறவன் அடையாளம். அதை நீதியரசர் இருந்த இடத்தில் மாட்டுவதா? இது நீதித்துறைக்கே விட்ட சவால் என்று சொல்லி உடனே கோர்ட்டைப் புறக்கணித்தார்கள். அன்றைக்கு இருந்த அத்தனை கேஸுக்கும் வாய்தா விழுந்தது.

"அப்பா, இந்த அக்காகிட்டயாவது சொல்லுங்கப்பா," என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள் நர்மதா. சின்னுசாமியின் மகள். இளம்பிள்ளையில் ஒரு சேலைக்கடையில் வேலை. கடையிலிருந்து நேராக சோபியாவிடம் ஓடி வந்தவள் அவள்தான்.

"நீங்க எடுத்தீங்களா?" சோபியா கேட்டாள்.

"நான் திருடலீங்கம்மா."

"அப்ப யாரு?"

சின்னுசாமி இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். எத்தனை விதமாகக் கேட்டும் அந்தக் கைகள் அவிழவில்லை.

சோபியா நகர்ந்து வந்து சென்றாயனிடம் மெதுவாகச் சொன்னாள். "கவனிச்சியா? 'திருடலை'ன்னு சொல்றார். 'எனக்குத் தெரியாது'ன்னு ஒரு தடவைகூடச் சொல்லலை."

"சொல்லாதத எல்லாம் கணக்குல எடுத்தா, என்ற பொண்டாட்டி மேல நானே பத்துக் கேஸு போடலாமுங்க."

எஸ்.ஐ. கவின் இளைஞர். பேச்சில் மரியாதை இருந்தது, அவசரமும் இருந்தது. "மேடம், பொழுதோட இவரை மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும். ரிமாண்ட் ஆயிட்டா சஸ்பெண்டுதான். அதுக்கப்புறம் ரிட்டயர்மென்ட் எல்லாம் இழுபறி. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா மேலயிருந்து போன் மேல போன்."

"அந்தப் பையைப் பார்க்கலாமா?"

மேஜைமேல் வைத்தார். பளிச்சென்ற மஞ்சள் வெளுத்து, கைப்பிடியில் ஒட்டுப் போட்ட தாம்பூலப் பை. 'கோகுல்ராஜ் – தீபிகா, மல்லசமுத்திரம்' என்ற எழுத்து மட்டும் அழியாமல் இருந்தது.

"மாப்பிள்ளை பெங்களூர்ல வேலை. ரெண்டு பேரை அனுப்பியிருக்கோம்," என்றார் கவின்.

"தாம்பூலப் பைய வெச்சு மாப்பிள்ளையப் புடிக்கறதுன்னா, எங்க ஊருல கல்யாணம் பண்ணுன அத்தன பேரும் உள்ளதானுங்க இருக்கோணும்," என்றான் சென்றாயன்.

சோபியா பைக்குள் கைவிட்டு ஒரு போசியை எடுத்தாள். மூடியைத் திறந்ததும் மோர் ஊற்றிப் பிசைந்த கம்மஞ்சோற்றின் புளிப்பு வாசனை ஸ்டேஷன் முழுக்கப் பரவியது. ஓரத்தில் இரண்டு சின்ன வெங்காயம்.

"சார், நீதித்துறைக்குச் சவால் விட வந்த ஆளு, தன் மத்தியானச் சோத்தையும் சேர்த்தா மாட்டிட்டுப் போவாங்க?"

கவின் விழித்தார்.

"இது சவால் இல்லை. பசிக்கறப்ப வந்து எடுத்துக்கலாம்னு மாட்டினது. இந்தக் கலாட்டாவுல எடுக்க முடியாமப் போயிருக்கு. யாரோ ஒருத்தர் இன்னும் சாப்பிடாம இருக்காங்க."

போசியைத் திருப்பினாள். பாத்திரக்கடையில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர் அடியில் இருந்தது. 'சாலம்மாள், கரட்டுக்காடு.'

"பைய வெளிய மட்டும் படிச்சிருக்காங்க மேடம்," என்றான் சென்றாயன். "உள்ள சோறு இருந்தா யாரு பாக்கறா?"

*

மல்லசமுத்திரம் தாண்டிக் கரட்டுக்காட்டுக்குப் பிரியும் மண்தடத்தில் கார் கொஞ்ச தூரம்தான் போனது. நடுவே கம்பி வேலி. அந்தப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு, அதையும் தாண்டி ஓர் ஓட்டு வீடு. சென்றாயன் ஹாரன் அடித்தான். வேலிக்கு அப்பாலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"அப்பிடியே வரப்பு மேல நடந்து வாங்க சாமி! தடம் கேஸுல இருக்குது!"

சாலம்மாள் எழுபதைத் தாண்டியவள். போசி கிடைத்தது என்றதும் முகம் மலர்ந்தது. போலீஸ் என்றதும் வாடியது.

"நான் ஒண்ணும் பண்ணலீங்க. வக்கீலுங்க எல்லாம் பைய காட்டிக் காட்டிக் கத்துனாங்க. பயந்துபோட்டு ஓடியாந்துட்டேன்."

"பையை ஏம்மா அந்த ஆணியில மாட்டினீங்க?"

"அது என்ற ஆணிங்க." கேள்வியே அவளுக்கு விசித்திரமாக இருந்தது. "எங்க ஊட்டுக்காரரு இருந்த காலத்திலிருந்து அதுலதானுங்க மாட்டறோம். கீழ வெச்சா நாய் இழுத்துப்போட்டுரும். இன்னார் ஆணி இன்னதுன்னு அங்க வார சனத்துக்கு எல்லாம் தெரியும். எட்டிப்பட்டிக்காரருது சன்னல் கம்பி, என்றது அந்த ஆணி."

சென்றாயன் வாயைப் பொத்திக்கொண்டான். நீதித்துறைக்கு விடப்பட்ட சவால் ஒரு கிழவி சோற்றுப் பையை நாய்க்கு எட்டாமல் மாட்டிய பழக்கம் என்பது ஒரு வக்கீலுக்கும் தோன்றவில்லை. வராந்தாவில் காத்திருந்தவர்களைக் கேட்டிருந்தால் யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அவர்களைத்தான் யாரும் கேட்பதில்லையே.

"உங்க கேஸ் என்னம்மா?"

"இந்தத் தடம்தானுங்க. பக்கத்துக் காட்டுக்காரரு வேலி போட்டாரு. கோர்ட்டுக்குப் போனோம். அப்ப ஒரு வயசுப்புள்ள ஜட்ஜு. தங்கமான மனுசன், ஒருக்காக்கூட அதட்டிப் பேசுனதில்ல. ஆனா எப்பப் போனாலும் மூக்குக் கண்ணாடியக் கழட்டுவாரு, தொடைப்பாரு, வாய்தா போடுவாரு. கண்ணாடிய எடுத்தாலே நாங்க பைய எடுத்துக்குவோம். பேரு தெரியாதுங்க. வாய்தா அய்யான்னுதான் சொல்லுவோம். தீர்ப்புச் சொல்லாமயே மாத்தலாகிப் போயிட்டாரு."

"அப்புறம்?"

"பொறவு வந்தவரு ஒண்ணு சொன்னாரு, அதுக்கு மேல கோர்ட்டு வேற சொல்லுச்சு, மெட்ராஸு வரைக்கும் போச்சு. அங்கயும் எங்க கேஸு மொதல்ல வந்த ஜட்ஜு, நான் பாக்க மாட்டேன்னு வேற ஜட்ஜுகிட்டத் தள்ளி உட்டுட்டாராம். கடைசியில கீழயே போயி மறுபடியும் பாருன்னு அனுப்பிட்டாங்க. இப்ப அதே புளியம்பாறை. அதே ஆணி."

சோபியாவின் மனதில் இரண்டு படிக்கட்டுகள் பக்கம் பக்கமாக எழுந்தன. ஒன்றில் ஒரு நீதிபதி ஏறினார். இன்னொன்றில் ஒரு கேஸ் ஏறியது. அவருக்கு அது பதவி உயர்வு, இதற்கு மேல்முறையீடு. உச்சிக்குப் போனதும் அவருக்குப் படம் திறக்கிறார்கள். கேஸை மட்டும் கீழே உருட்டிவிட்டார்கள்.

"உங்க வீட்டுக்காரர்?"

"நெஞ்சு வலின்னாரு. ஆம்புலன்சு வேலிகிட்ட நின்னு போச்சுங்க. கட்டிலோட தூக்கிக்கிட்டு வரப்புல நடந்தோம்." அவள் வரப்பைக் காட்டினாள். 

சோபியா அடுத்ததைக் கேட்டாள். "இன்னைக்கு நீங்க போனப்ப ஆணியில படம் இருந்துச்சா?"

"துணி போத்தி என்னமோ பலக மாட்டியிருந்தாங்க. பெஞ்சுல ஒரு பெரியவரு தனியா உக்காந்திருந்தாரு. 'என்ற ஆணியில எதையோ மாட்டீட்டாங்க சாமி, என்னால தூக்க முடியாது, கழட்டிக் குடுங்க'ன்னேன். என்ன கேஸுன்னாரு. சொன்னேன். நம்பரு என்னன்னாரு. சொன்னேன். அந்த நம்பர அவரே ஒருக்காச் சொல்லிப் பாத்தாரு. பொறவு எந்திரிச்சு அவரே கழட்டிக் கீழ வெச்சாரு. நான் பைய மாட்டிட்டு உள்ள கூப்புடறாங்களான்னு பாக்கப் போனேன். திரும்பி வந்தா ஒரே சத்தம். அவரையும் காணோம், பலகையையும் காணோம்." அவள் சிரித்தாள். "அந்தக் கோர்ட்டுல கேட்டது கேட்டபடி எனக்குக் கெடச்சது அது ஒண்ணுதானுங்க."

"அவரைப் பத்தி வேற எதாவது ஞாபகம் வருதா?"

"மொட்டத் தல. வெள்ளச் சட்ட. ஆங்... ஜட்ஜம்மா கார் வந்ததும் தபேதாரு சத்தம் போட்டாரு, நாங்க எல்லாம் எந்திரிச்சு நின்னோம். அவரு மட்டும் உக்காந்த மேனிக்கே இருந்தாரு. 'எந்திரிங்க சாமி, திட்டுவாங்க'ன்னு நான்கூடச் சொன்னேன். தபேதாரு பாத்தாரு, ஆனா ஒண்ணும் சொல்லல."

"முட்டி வலியா இருக்கும்," என்றான் சென்றாயன்.

"ஆளுயரப் படத்தைக் கழட்டி இறக்கினப்ப வலிக்கலையா?" சோபியாவின் குரல் மாறியிருந்தது. "கோர்ட்டுல ஜட்ஜ் வரும்போது எழுந்து நிக்காத ஆள் யாரு, சென்றாயா?"

"தூங்கறவன். செவிடன். செத்தவன்."

"இன்னும் ஒருத்தர் இருக்கார். தான் வரும்போது மத்தவங்க எழுந்து நிக்கறதை மட்டுமே ஆயுசு முழுக்கப் பார்த்தவர். அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது."

சென்றாயன் கார் சாவியை எடுத்தான்.

"நீங்களும் வாங்கம்மா," என்றாள் சோபியா. "சேலம் வரைக்கும் போகணும்."

*

அந்த வீடு சோபியாவுக்குப் புதிது இல்லை. ஞாயிறு பூசையில் முன்வரிசையில் முழந்தாள் போடும் மனிதரின் வீடு. மறைக்கல்விப் போட்டியில் அவர் கையால் அவள் பரிசு வாங்கிய போட்டோ அவள் வீட்டு ஹாலில் இன்றும் இருக்கிறது. 'மனுஷன் தீர்ப்பு ஒண்ணுகூட மேல்கோர்ட்டுல மாறினதில்லை' என்று வருகிறவர்களிடம் எல்லாம் அப்பா அந்தப் போட்டோவைக் காட்டிச் சொல்வார்.

சாலம்மாளைக் காரிலேயே உட்காரச் சொல்லிவிட்டு இருவரும் உள்ளே போனார்கள்.

தோமினிக் சாய்வு நாற்காலியில் இருந்தார். எதிர்ச் சுவரில், முகம் உள்பக்கமாகத் திரும்பி, பட்டுத்துணியோடு சாத்தி வைத்திருந்தது படம். மறைக்க அவர் முயலக்கூட இல்லை.

"உட்காரும்மா சோபியா. அப்பா நல்லா இருக்காரா?"

"இருக்கார் ஐயா. நீங்க காலையில எழுந்து நிக்கலை."

அவருக்குப் புரிந்தது. 

"விழாவுக்கு முன்னால ஒரு தரம் அந்த இடத்தைச் சும்மா பார்க்கலாம்னு போனேன். அந்த அம்மா கேஸ் நம்பரைச் சொன்னாங்க. ஹைகோர்ட்டில் அது என் முன்னால வந்தது. கீழே நான் விசாரிச்ச வழக்கு, அதனால வேறு பெஞ்சுக்கு அனுப்பினேன். அதுதான் முறை."

"முறைதான் ஐயா."

"என் தீர்ப்பு ஒன்றுகூட மாறியதில்லை, தெரியுமா?"

"தெரியும். சிக்கலான கேஸ் எல்லாத்தையும் அடுத்து வர்றவருக்கு விட்டுட்டா, மாறுறதுக்கு என்ன இருக்கு?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சோபியாவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அந்த அம்மா தலைக்கு மேல அது தொங்குறதை என்னால பார்க்க முடியலை. கழட்டிக்கிட்டு வந்துட்டேன்."

"தனியாகவா கார்ல ஏத்தினீங்க?"

"சின்னுசாமி ஏத்தினான்."

சென்றாயன் நிமிர்ந்தான். சோபியாவுக்கு லாக்கப்பில் கட்டியிருந்த அந்தக் கைகள் நினைவுக்கு வந்தன. அது பயந்தவன் நிற்கும் நிலை இல்லை. தபேதார் தன் நீதிபதி முன்னால் நிற்கும் நிலை. கம்பிக்குள்ளேயும் அவர் இந்த மனிதர் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

"என்னைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. யாரிடமும் சொல்லாதேன்னேன். சொல்ல மாட்டான்." தோமினிக்கின் குரலில் ஒரு பெருமிதம்கூட இருந்தது.

"அவர் லாக்கப்புல இருக்கார் ஐயா. பொழுது சாய்ஞ்சா ரிமாண்ட். உங்களுக்குத் தெரியுமா?"

"வக்கீல் சங்கச் செயலாளர் போன் செய்தார்."

"தெரிஞ்சுமா? ஒரு போன் போடுங்க. 'நான்தான் எடுத்தேன்'னு ஒரு வார்த்தை."

தோமினிக் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியால் நிதானமாகத் துடைத்தார்.

"அவசரப்பட்டு எதையும் சொல்லக் கூடாதும்மா. பல கோணம் இருக்கு. விழா முடியட்டும். திங்கட்கிழமை வாயேன், யோசிச்சு வைக்கிறேன்."

"அப்பத் திங்கக்கெழமைக்கு வாய்தாவுங்களா சாமி?"

வாசற்படியில் சாலம்மாள் நின்றிருந்தாள். தண்ணீர் கேட்க வந்தவள், கண்ணாடி கழன்றதைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டாள்.

"மொட்டையானதுல அடையாளம் தெரியலீங்க. தொடைக்கறதப் பாத்ததும் தெரிஞ்சு போச்சு," என்றாள். குரலில் குத்தல் ஏதும் இல்லை. பழைய ஊர்க்காரரைச் சந்தையில் பார்த்தவள் போலத்தான் சொன்னாள். "எங்களுக்குப் பரவால்லீங்க, பழகிப்போச்சு. அந்தத் தபேதாரு பாவம். அவருக்கு மட்டும் வாய்தா போட்டுராதீங்க."

தோமினிக் கண்ணாடியைக் கையிலேயே வைத்திருந்தார்.  

சென்றாயன் சுவரோரம் போய்ப் படத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

"நான் எடுத்துக்கிட்டுப் போறேனுங்க. வேண்டாம்னா எந்திரிச்சு வந்து தடுங்க."

அவர் எழுந்திருக்கவில்லை.

*

படம் ஸ்டேஷனுக்குள் வந்ததும் கவின் வியர்த்துப்போனார். எங்கிருந்து வந்தது என்று சோபியா சொன்னதும் இன்னும் வியர்த்தார். கடைசியில் தோமினிக்குக்கு அவரே போன் போட்டார். நின்றுகொண்டே பேசினார். பேசியது முழுக்க, "சரிங்க ஐயா... புரியுதுங்க ஐயா."

போனை வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார். "படத்துல ஒரு சின்னத் திருத்தம் செய்யணும்னு சங்கமே ஐயா வீட்டுக்கு அனுப்பியிருந்துச்சாம். தகவல் சொல்ல விட்டுப்போச்சாம். தப்பான புகார்னு மூடிடறோம்."

"சங்கம் அனுப்பலையே சார்," என்றாள் சோபியா.

"இனிமே அனுப்பியிருக்கும் மேடம்."

சின்னுசாமி வெளியே வந்தார். மகள் கட்டிக்கொண்டு அழ, அவளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே படத்தின் நான்கு மூலையையும் தடவிப் பார்த்தார். பிறகு சோபியாவிடம் வந்தார்.

"நீங்க ஏம்மா அய்யா ஊட்டுக்குப் போனீங்க? ரெண்டு நாள் நான் உள்ள இருந்துட்டுப் போறேன். அவரு பேரு என்னாவறது?"

 நர்மதா அப்பாவின் கையை விட்டுவிட்டு, அவரைப் புதிதாகப் பார்ப்பவள் போல ஒதுங்கி நின்றாள்.

சாலம்மாள் தன் போசியைக் கேட்டாள். பையும் போசியும் எஃப்.ஐ.ஆரோடு கோர்ட்டுக்குப் போய்விட்டன, மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும் என்றார் கவின். அவள் தலையாட்டிக்கொண்டாள்.

பொழுது இறங்கும் நேரத்தில் கோர்ட் வராந்தாவில் சின்னுசாமி ஸ்டூல் போட்டு ஏறினார். அதே ஆணியில் படத்தை மாட்டி, பட்டுத்துணியை இழுத்துவிட்டு, ஆடுகிறதா என்று இரண்டு தரம் அசைத்துப் பார்த்தார். விழா நாளைக்கு.

கீழே சாலம்மாள் வெறும் கையோடு அண்ணாந்து நின்றாள்.

"கொஞ்சம் தள்ளி மாட்டக் கூடாதுங்களா? அது என்ற ஆணிங்க."

"அதையெல்லாம் நான் முடிவு பண்ண முடியாது ஆத்தா. ஆபீசுல ஒரு மனுக் குடு."

"சரிங்க," என்றாள் சாலம்மாள். "என்னைக்கு வரட்டுங்க?"

சேலம் வந்ததும் சென்றாயன் சோபியாவை வாசலில் இறக்கிவிட்டான். சோபியா வீட்டுக்குள் நுழைந்ததும் ஹாலில் இருந்த போட்டோவைக் கழற்றி, அப்பாவுக்கு எட்டாமல் பீரோவின் மேல் வைத்தாள். சுவரில் ஆணி மட்டும் நின்றது.